ஒரு நம்பர் பிளேட், 25 டாலர்: அமெரிக்கக் கார்களுக்குப் பின்னால் ஓடும் நன்கொடை அரசியல்

ஃப்ளோரிடாவில் ஒரு சிக்னலில் நின்று முன்னாடி இருக்கிற கார்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு நம்பர் பிளேட்டில் மானட்டி என்ற கடல் விலங்கு, அடுத்ததில் ஒரு பல்கலைக்கழகச் சின்னம், இன்னொன்றில் விண்வெளி ஓடம். இதெல்லாம் ஸ்டிக்கர் கிடையாது. சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, ஓட்டெடுப்பு நடத்தி, அரசே அச்சடித்துக் கொடுக்கும் பிளேட்டுகள். பெயர், 'ஸ்பெஷாலிட்டி பிளேட்'. ஃபேன்சி நம்பரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே எண்ணுக்கு விலை இல்லை, படத்துக்குத்தான்.

வழக்கமான பதிவுக் கட்டணத்தோடு, ஃப்ளோரிடாவில் பெரும்பாலும் வருடத்துக்கு 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம் பிளேட்டில் இருக்கும் அமைப்புக்கோ நோக்கத்துக்கோ போகும். அடுத்த வருடம் பதிவைப் புதுப்பிக்கும்போது திரும்பவும் கட்டணும். தொண்டு நிறுவனங்களுக்கு இது மாதச் சம்பளம் மாதிரி. ஒருமுறை வந்து நின்றுவிடும் நன்கொடை இல்லை.

எப்படி ஆரம்பித்தது?

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பிய 73 நொடிகளில் சிதறி, 7 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக 1987-ல் வந்த சேலஞ்சர் பிளேட்தான் அந்த மாநிலத்தின் முதல் ஸ்பெஷாலிட்டி பிளேட்டுகளில் ஒன்று. கென்னடி விண்வெளி மையத்தில் 1991-ல் திறக்கப்பட்ட கறுப்பு கிரானைட் நினைவுச் சுவருக்கு இந்த பிளேட் விற்ற பணம் உதவியது. யாருக்கும் வரி போடவில்லை, விரும்பியவர்கள் கட்டினார்கள். மற்ற அமைப்புகள் சும்மா இருக்குமா? ஃப்ளோரிடாவில் பிளேட் வகைகள் நூறைத் தாண்டின.

யார் வேண்டுமானாலும் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால், முதலில் மசோதா கொண்டுவர ஓர் உறுப்பினரைப் பிடிக்கணும். பிறகு ஆள் பலத்தைக் காட்டணும். வர்ஜீனியாவில் 450 பேர் முன்கூட்டியே பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கப்புறமும் ஒரு கணக்கு இருக்கிறது: 25 டாலர் கட்டணத்தில் 15 டாலர் அமைப்புக்குப் போகும், ஆனால் முதல் 1,000 பிளேட்டுகளுக்குப் பிறகுதான். அதாவது, 1,500 பேர் வாங்கினாலும் 500 பேரின் பங்குதான் கைக்கு வரும்; 7,500 டாலர். வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகமே.

படம் யாருடைய பேச்சு?

சிக்கல் இங்கேதான். கருக்கலைப்புக்கு எதிரான 'சூஸ் லைஃப்' பிளேட் மசோதாவை ஃப்ளோரிடா ஆளுநர் லாட்டன் சைல்ஸ் 1998-ல் வீட்டோ செய்தார். அடுத்து வந்த ஜெப் புஷ் 1999-ல் கையெழுத்துப் போட்டார். ஆளுநர் மாறியதும் பிளேட்டின் தலையெழுத்தும் மாறிவிட்டது.

வட கரோலினாவில் இது இன்னும் முற்றியது. 2011-ல் அந்தச் சட்டமன்றம் 'சூஸ் லைஃப்' பிளேட்டுக்கு ஓகே சொன்னது. கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர்களுக்கும் ஒரு பிளேட் வேண்டும் என்று வந்த திருத்தங்களைத் தள்ளியது. ஒரு தரப்புக்கு மட்டும் மேடையா என்று வழக்குப் போனது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் 'இது கருத்துரிமை மீறல்' என்றது.

அதற்குள் டெக்சாஸிலிருந்து வேறொரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பு வீரர்களின் வழித்தோன்றல்கள் நடத்தும் அமைப்பு, அந்தக் கூட்டமைப்பின் போர்க்கொடியோடு பிளேட் கேட்டது. டெக்சாஸ் மறுத்தது. 2015-ல் 5-4 என்ற தீர்ப்பு: நம்பர் பிளேட்டில் இருப்பது கார் ஓனரின் பேச்சு இல்லை, அரசின் பேச்சு, எனவே அரசு மறுக்கலாம். வழக்கமாகப் பழமைவாதிகள் பக்கம் நிற்கும் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், இந்த முறை தாராளவாத நீதிபதிகளோடு சேர்ந்தார். எதிர்த்தீர்ப்பு எழுதிய சாமுவேல் அலிட்டோவின் கேள்வியும் நியாயமானதுதான். டெக்சாஸ் பிளேட்டுகளில் வேற்று மாநிலப் பல்கலைக்கழகப் பெயரும் இருக்கிறது, 'கோல்ஃப் ஆடப் போயிருக்கலாம்' என்ற வாசகமும் இருக்கிறது. இதெல்லாம் டெக்சாஸ் அரசின் கருத்தா?

போர்க்கொடி வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கு அது வெற்றி. ஆனால், அதே தீர்ப்பைக் காட்டி வட கரோலினா வழக்கு திருப்பி அனுப்பப்பட்டது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மாற்றி, மாநிலத்துக்குச் சாதகமாகச் சொன்னது. ஒரு தரப்புக்கு பிளேட்டும் பணமும், இன்னொரு தரப்புக்கு இரண்டும் இல்லை என்ற நிலைக்கு நீதிமன்றமே வழிவிட்டது. மனமுவந்து கொடுக்கும் நன்கொடைதான், ஆனால் எந்த உண்டியலை வைப்பது என்பதை ஆளும் பெரும்பான்மை முடிவு செய்கிறது.

இப்போது என்ன நிலை?

ஃப்ளோரிடா 2020-ல் கடிவாளம் போட்டது. மொத்தம் 150 வகைகளுக்கு மேல் கூடாது. புதிதாக வருபவர்கள் பிளேட் தயாராகும் முன்பே 3,000 வவுச்சர்கள் விற்றுக் காட்ட வேண்டும். அது கூடப் பரவாயில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிளேட்டுக்கும் கத்தி தொங்குகிறது: தொடர்ந்து 12 மாதங்கள் எண்ணிக்கை 3,000-க்குக் கீழே இருந்தால், 2023 ஜூலைக்குப் பிறகு அந்த வகையையே நிறுத்தலாம். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. 25 டாலர் கட்டணத்தில் 3,000 பேர் என்றால் வருடத்துக்கு 75,000 டாலர். சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றில் அது இரண்டொருவரின் சம்பளம். யாரோ ஒருவர் காரை விற்றுவிட்டு, புதுக் காருக்குச் சாதா பிளேட் போதும் என்று முடிவு செய்தால், இவர்கள் கணக்கில் ஒன்று குறைகிறது.