முட்டைக் கோழிக் கூட்டின் எரு

கோழி வளர்ப்போருட் பலர் முட்டையை மட்டுமே வருமானமாகக் கொள்வர். கூட்டிற் சேரும் எருவைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. முட்டையிடும் கோழியொன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை ஈர எருவைத் தருகின்றது. 100 கோழிகள் ஓராண்டில் ஏறக்குறைய 4 தொன் எருவைத் தரும். அதன் முக்காற்பங்கு நீரேயாயினும், சுமார் 60 கிலோகிராம் நைதரசன் அதில் அடங்கியுள்ளது. இது ஏறக்குறைய 130 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்குச் சமமாகும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட காலத்தை நினைவுகூர்வோர்க்கு இதன் பெறுமதியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும், இச்செல்வம் எளிதில் அழியக்கூடியது. எருவிலுள்ள யூரிக்கமிலம் ஈரத்தில் அமோனியாவாக மாறிக் காற்றிற் கலக்கின்றது. கூட்டில் மூக்கைத் துளைக்கும் நெடி எழுமாயின், நைதரசன் வெளியேறுகின்றதென அறிக. பொகவந்தலாவையில் வைகாசி முதல் புரட்டாதி வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை, வெளியிற் குவித்த எருவைக் கழுவிச் செல்லும். அது கெஹெல்கமு ஓயா வழியே காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைந்து நீரையும் மாசுபடுத்தும்.

ஆதலால், கூட்டின் தரையில் மரத்தூளையோ உலர்ந்த புல்லையோ 10 முதல் 15 சென்றிமீற்றர் தடிப்பிற்குப் பரப்புதல் வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் ஒழுகலாகாது. அகற்றிய எருவின் ஒரு பங்குடன், நறுக்கி உலர்த்திய மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல் இரு பங்கு கலந்து, கூரையின் கீழ் ஒரு மீற்றர் உயரத்திற்குக் குவிக்க. பிழிந்த துணியளவு ஈரம் போதுமானது. இரு வாரத்திற்கொரு முறை புரட்டிவரின் சுமார் 3 மாதத்தில் குவியலின் சூடு தணிந்து, நெடியற்ற கரிய கூட்டெரு கிடைக்கும்.

பச்சை எருவை நாற்றின் அடியில் இடின் வேர் கருகும். சலாது போன்று பச்சையாக உண்ணும் கீரைகளில் நோய்க்கிருமிகளும் தங்கும். கோவா, கரட், லீக்ஸ் பாத்திகளுக்கு, நடுவதற்கு இரு வாரங்களுக்கு முன் சதுரமீற்றருக்கு அரை முதல் ஒரு கிலோகிராம் கூட்டெருவை மண்ணுடன் கலத்தல் நன்று. நெல் வயலில் உழவின்போது இட்டு மண்ணால் மூடுக. யூரியாவின் அளவையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்க.

முட்டைக் கோழியின் தீனியில் ஓட்டுக்கெனச் சுண்ணாம்புச் சத்து மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றது. அதன் ஒரு பகுதி எருவிலும் எஞ்சுவதால், மலைநாட்டுப் புளிப்பு மண்ணில் மரக்கறிக்கு இது நலம் தரும். தேயிலையோ புளிப்பு மண்ணையே விரும்புவது. அதன் அடியில் இவ்வெருவை மிகுதியாக இடலாகாது. ஒரே பாத்தியிற் போகந்தோறும் அளவின்றி இடின் பொசுபரசு தேங்கும்.

மழைக்கு முன் எருக்குவியலுக்குக் கூரை வேய்க. அச்சிறு செலவு பசளைச் செலவிற் குறையும்.