பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் படிப்பு



பள்ளி முடியும் இடத்தில்தான் கல்லூரி தொடங்குகிறது என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இரண்டிற்கும் நடுவே ஒரு வரப்பு உண்டு என்பது மெய். ஆயின் அவ்வரப்பு இயற்கை வகுத்ததன்று, மனிதர் இட்டதே. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, அதுவரை கல்லூரிகள் நடத்திவந்த புகுமுக வகுப்பின் இடத்தைப் பள்ளிகள் ஏற்றுக்கொண்டன. நேற்றுக் கல்லூரியில் கற்றதை இன்று பள்ளியில் கற்கிறோம். வரப்பு நகரக்கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வரப்பை நகர்த்தாமலேயே, வல்லமையும் விருப்பமும் உள்ள மாணவர் அதனைக் கடந்து சென்று வர வழி செய்திருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பட்டத்தின் ஒரு பகுதியை ஈட்டிக்கொள்ளும் அம்முறையைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

முதலில் 'கிரெடிட்' என்னும் சொல்லை விளங்கிக்கொள்வோம். அது கல்விக்கு ஏற்பட்டதோர் அளவை. ஏறத்தாழப் பதினைந்து வாரங்கள் கொண்ட ஓர் அரையாண்டில், வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு என்பது ஒரு கிரெடிட். ஒரு பாடத்திற்குப் பெரும்பாலும் 3 கிரெடிட்டுகள். நான்காண்டுப் பட்டத்திற்கு வழக்கமாக 120 வேண்டும். எனவே, பள்ளியிலிருந்தே 15 கிரெடிட்டுகளைக் கையிற்கொண்டு கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவன், எட்டில் ஒரு பங்கு வழியைக் கடந்துவிட்டான் என்பது கணக்கு. அரையாண்டுக் கட்டணமும் அரையாண்டுக் காலமும் அவனுக்கு மிச்சம். கட்டணம் மிகுந்த அந்நாட்டில் எளிய குடும்பங்களுக்கு இது சிறு உதவியன்று.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது தேர்வு வழி. 1952ஆம் ஆண்டில், பெயர்பெற்ற மூன்று பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் என்னும் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. நன்கு படித்த மாணவர்கள், பள்ளியில் கற்றதையே கல்லூரி முதலாண்டில் மீண்டும் கற்று ஊக்கம் இழக்கிறார்கள் என்பது அதில் கண்ட குறைகளுள் ஒன்று. அக்காலத்திலேயே கென்யன் கல்லூரித் தலைவர் கார்டன் சால்மர்ஸ் முன்னின்று, கல்லூரித் தரத்துப் பாடங்களைப் பள்ளியில் நடத்திப் பார்க்கும் முயற்சியைத் தொடங்கினார். 1955இல் 'காலேஜ் போர்டு' என்னும் அமைப்பு இப்பணியை ஏற்றது. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என வழங்கும் இத்தேர்வை 1956இல் எழுதியவர் 1,229 பேர். இன்றோ ஆண்டுதோறும் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதுகின்றனர். நுண்கணிதம், இயற்பியல், வரலாறு, இலத்தீன், இசை இலக்கணம் என ஏறக்குறைய நாற்பது பாடங்கள். தேர்வு மே மாதத்தில் நடைபெறும். மதிப்பு 1 முதல் 5 வரை. மூன்று பெற்றால் தகுதி உண்டு என்பது பொது விதி.

ஈண்டு ஒன்றை மறத்தல் கூடாது. தேர்வை நடத்துவது ஓர் அமைப்பு. கிரெடிட் வழங்குவதோ சேரப்போகும் கல்லூரி. சில கல்லூரிகள் 4 அல்லது 5 கேட்கும். டார்ட்மத் கல்லூரி, இத்தேர்வுக்குக் கிரெடிட் தருவதை நிறுத்தப்போவதாக 2013இல் அறிவித்தது. சந்தையில் செல்லும் நாணயமா என்று பார்த்துச் சேர்ப்பது போல, முன்னரே கேட்டறிந்து படிப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, இரட்டைச் சேர்க்கை. பள்ளி மாணவன் கல்லூரிப் பாடமொன்றிலேயே பதிவு செய்துகொள்கிறான். சில இடங்களில் அவன் கல்லூரிக்குச் செல்கிறான். சில இடங்களில் பள்ளி ஆசிரியரே கல்லூரியின் பாடத்தை நடத்துகிறார். கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955 முதலே இதனைச் செய்துவருகிறது. மினசோட்டா மாநிலம், பள்ளியின் இறுதி ஈராண்டு மாணவர்கள் அரசுச் செலவில் கல்லூரிப் பாடம் கற்க 1985இல் சட்டம் செய்தது. இம்முறையில் ஒரே தேர்வின் முடிவு முழுவதையும் நிர்ணயிப்பதில்லை. அரையாண்டு முழுவதும் செய்த வேலைக்கு மதிப்பெண். ஆயின் அம்மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிலையாக நின்றுவிடும். பதினாறு வயதில் அசட்டையாக எழுதியது இருபது வயதில் எதிர்வந்து நிற்கும்.

மூன்றாவது, பள்ளியையும் கல்லூரியையும் ஒரே கூரையின்கீழ் அமைப்பது. 1966இல் எலிசபெத் பிளாட்ஜெட் ஹால் அம்மையார் மாசசூசெட்சில் நிறுவிய சைமன்ஸ் ராக் இதற்கு முன்னோடி. 2001இல் நியூயார்க் நகரில் தொடங்கிய பார்டு உயர்நிலைப் பள்ளி, கட்டணம் வாங்காத பொதுப்பள்ளி. அங்கு நான்காண்டு படித்து முடிப்பவர் பள்ளிச் சான்றிதழுடன் ஈராண்டுக் கல்லூரிப் பட்டமும் பெறலாம்.

இவ்வழிகள் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியனவா? இவ்வினாவுக்கு விடை தந்தவர் ஓர் ஆசிரியர். பொலிவியா நாட்டில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹைமே எஸ்கலாண்டே, கிழக்கு லாஸ் ஏஞ்சலிசில் கார்பீல்டு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தார். மெக்சிகோ வழிவந்த உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி அது. 1982இல் அவருடைய மாணவர் பதினெண்மர் நுண்கணிதத் தேர்வெழுதி, அனைவரும் தேறினர். விடைகளில் ஒற்றுமை தென்படுகிறதென்று தேர்வு நடத்தியோர் பதினால்வர்மீது ஐயங்கொண்டனர். அவருள் பன்னிருவர் மீண்டும் தேர்வெழுத இசைந்தனர். பன்னிருவரும் மறுமுறையும் தேறினர்! இவ்வரலாறு 1988இல் திரைப்படமாகவும் வந்தது.

அப்படத்தைக் கண்டோர் ஓராண்டு உழைப்பில் விளைந்த அற்புதம் என்று எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. இயற்கணிதமும் திரிகோணமிதியும் கீழ்வகுப்பிலிருந்தே உறுதிப்படப் பல ஆண்டுகள் பாடுபட்ட பின்னரே அவ்விளைவு கிட்டியது. பள்ளி திறக்குமுன்னும், மூடிய பின்னும், கோடை விடுமுறையிலும் வகுப்புகள் நடந்தன. கடைக்கால் ஆழமாயிருந்தால்தான் மாடி நிற்கும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, வாய்ப்பைப் பற்றியது. எந்தப் பள்ளியில் இப்பாடங்களை நடத்த ஆசிரியர் இல்லையோ, அந்தப் பள்ளிப் பிள்ளைக்கு அறிவு இருந்தும் வழி இல்லை. இக்குறையை எடுத்துரைத்துக் கலிபோர்னியாவில் 1999இல் மாணவர் சார்பில் வழக்கே தொடரப்பட்டது. மற்றொன்று, அவசரத்தைப் பற்றியது. கிரெடிட் என்பது கற்றதற்கு அடையாளம், கற்றலே ஆகாது. முதற்பாடத்தைத் தாண்டிச் சென்றவன், அதன் உட்பொருளை உணராதிருந்தால் இரண்டாம் பாடத்தில் இடறுவான். மிச்சப்படுத்திய அரையாண்டை அங்கே இழப்பான்.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் வேர்விடத் தொடங்கியுள்ளது. கல்லூரிக் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் வங்கி முறை 2021இல் ஏற்பட்டது. பள்ளிக் கல்வியையும் அவ்வளவைக்குள் கொணரும் தேசியக் கட்டமைப்பு 2023இல் வெளியாயிற்று. 'ஸ்வயம்' என்னும் இணையக் கல்வித் தளத்தில் கல்லூரிப் பேராசிரியரின் பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம்.

ஆகவே மாணவர்களே, உமக்கு விருப்பமான பாடம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதில் உம் வகுப்புப் புத்தகத்தை முதலில் ஐயமறக் கல்லுங்கள். பின்னர், கல்லூரி முதலாண்டுப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து, முதல் அதிகாரத்தை மட்டும் படித்துப் பாருங்கள். விளங்கினால் அடுத்ததற்குச் செல்லுங்கள். விளங்காவிடில் எது விளங்கவில்லை என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுங்கள். அதற்குக் கிரெடிட் எவரும் தரமாட்டார். ஆனால் கல்லூரியில் முதல் நாள் வகுப்பில் அமரும்போது, அங்கே பேசப்படும் மொழி உமக்கு அயல்மொழியாக இராது.