சிங்கையை வளர்த்த சிற்றாறு

ஆறு என்றதும் காவிரியும் கங்கையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் சிங்கப்பூர் ஆறு மிகச் சிறியது. கிம் செங் பாலத்திலிருந்து கழிமுகம்வரை அதன் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். நம் புக்கிட் மேராவை ஒட்டிச் செல்லும் அலெக்ஸாண்ட்ரா கால்வாயின் நீரும் அதிலேயே கலக்கிறது. இச்சிற்றாறு ஒரு பெரும் வணிக நகரை வளர்த்த வரலாற்றை இங்குக் காண்போம்.

சரக்குகள் ஒரு கலத்திலிருந்து இறங்கி வேறொன்றில் ஏற வேண்டிய இடங்களில் வணிக நகரங்கள் தோன்றுவது இயல்பு. ஆப்பிரிக்காவில், காங்கோ ஆற்றின் அருவிகள் கப்பல்களைத் தடுத்து நிறுத்தும் இடத்தில் கிசங்கானி நகரம் எழுந்தது. இங்கோ தடையாக இருந்தது ஆற்றின் ஆழக்குறைவு. பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. அவற்றின் சரக்குகளைத் தொங்கான் முதலிய படகுகள் ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கொண்டுவந்தன.

1819ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் இங்கு வந்தபோது ஆற்றின் தென்கரை சதுப்பு நிலமாக இருந்தது. 1822இல் அருகிலிருந்த ஒரு குன்றை வெட்டி, அம்மண்ணால் சதுப்பைத் தூர்த்தனர். அவ்வாறு உருவான கரையே போட் கீ. குன்று இருந்த இடமே இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ்.

தொடக்கக் காலத்தில் இப்படகுகளைச் செலுத்தியோருள் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர்கள். சூலியா தெருவின் பெயர் தமிழ் முஸ்லிம்களை இன்றும் நினைவூட்டுகிறது. பின்னர்ச் சீனப் படகோட்டிகள் அத்தொழிலை ஏற்றனர். ஆபத்தைக் கண்டு விலக வேண்டும் என்னும் நம்பிக்கையால் படகுகளின் முகப்பில் கண்கள் வரைந்தனர். 1869இல் கட்டப்பட்ட கவனா பாலம் தாழ்வாக இருந்ததால், நீர் வற்றும்வரை படகுகள் காத்திருந்ததும் உண்டு. மிளகு, அரிசி, ரப்பர் எனப் பல பொருள்கள் இவ்வழியே சென்றன. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் செட்டியார்கள் வணிகர்களுக்குக் கடன் வழங்கினர்.

வணிகம் வளர்ந்தது; ஆறோ மாசடைந்தது. கழிவும் எண்ணெயும் கலந்து நீர் கறுத்தது, மீன்கள் மறைந்தன. ஆற்றைப் பத்து ஆண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்று 1977இல் பிரதமர் திரு லீ குவான் இயூ இலக்கு வகுத்தார். 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. 1987இல் அப்பணி நிறைவுற்றது, மீன்கள் திரும்பின. ஆயினும், ஆற்றையே நம்பி வாழ்ந்த படகோட்டிகளும் சிறு வணிகர்களும் இடம்பெயர நேர்ந்தது. ஆற்றின் தூய்மைக்கு அவர்கள் கொடுத்த விலையை நாம் மறத்தலாகாது.

2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. அதன்பின் இவ்வாறு மரினா நீர்த்தேக்கத்தின் பகுதியாகி, நமக்குக் குடிநீரும் அளிக்கிறது. நம் வட்டாரத்துக் கால்வாயில் எறியும் குப்பை அந்நீரையே சென்றடையும். முன்னோர்க்குச் சோறிட்ட ஆறு இன்று நம் தாகம் தீர்க்கிறது. அதைத் தூய்மையாகக் காப்பது நம் கடமையன்றோ?