இறுதியாட்ட இரவும் இதய நோயாளியும்

2022 டிசம்பர் 18. நள்ளிரவைக் கடந்த வேளையில், அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை அவருடைய மகன் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். நெஞ்சுவலி எப்போது தொடங்கியது என்று கேட்டோம். அவர் மணியைக் கூறவில்லை. “எம்பாப்பே இரண்டாவது கோல் அடித்தபோது, டாக்டர். ஆட்டம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன்” என்றார்.

அந்தக் கோல் விழுந்தபோது நம் நாட்டில் இரவு 10 மணி கடந்திருந்தது. அவர் வந்து சேர்ந்ததோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து. அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்தோம், உயிர் பிழைத்தார். ஆயினும் அந்த இடைவெளியில் இதயத் தசையின் ஒரு பகுதி நிலையாகப் பாதிக்கப்பட்டுவிட்டது.

உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதியாட்டம் பலருக்கும் ஒரு திருவிழா. அன்று கத்தாரின் லுசைல் அரங்கில் ஆட்டத்திற்கு முன் நிறைவு விழா நடந்தது. அர்ஜென்டினா 2-0 என முன்னிலை வகிக்க, 80ஆம் நிமிடத்தில் தொடங்கி அடுத்தடுத்து இரு கோல்கள் அடித்துப் பிரான்சு சமன் செய்தது. கூடுதல் நேரத்திலும் 3-3 எனச் சமநிலை. பெனால்டியில் 4-2 என அர்ஜென்டினா வென்றது. அதன்பின் பரிசளிப்பு. மாலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்தவர்கள் நள்ளிரவுக்குச் சற்று முன்னரே எழுந்தனர்.

உடலில் நிகழ்வது என்ன?

ஓடுபவர்கள் ஆட்டக்காரர்களே. எனினும் பார்ப்பவரின் உடலும் ஓரளவு ஓடுகிறது. பரபரப்பின்போது அட்ரீனலின் என்னும் சுரப்பு மிகுதியாக வெளிப்படுகிறது. நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன; இதயத் தசைக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. ஏற்கெனவே குறுகியிருக்கும் இரத்தக்குழாயால் அத்தேவையை நிறைவு செய்ய இயலாது. மேலும், குழாய்ச் சுவரில் உள்ள கொழுப்புப் படிவு கிழிந்து, அங்கே இரத்தம் உறையவும் வாய்ப்புண்டு. அதுவே மாரடைப்பு.

2006இல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தபோது, மியூனிக் நகரிலும் சுற்றுப்புறத்திலும் மருத்துவர்கள் இதனை ஆராய்ந்தனர். ஜெர்மனி அணி ஆடிய நாள்களில் அவசர இதயப் பாதிப்புகள் வழக்கத்தைவிட 2.66 மடங்காக உயர்ந்தன. முன்பே இதயநோய் இருந்தோரிடம் இந்த உயர்வு ஏறத்தாழ 4 மடங்கு. இல்லாதோரிடம் 2 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்திலேயே பாதிப்புகள் உச்சத்தில் இருந்தன. ஜெர்மனி பெனால்டியில் அர்ஜென்டினாவை வென்ற நாளிலும் பாதிப்புகள் மிகுந்திருந்தன என்பது கருதத்தக்கது. தோல்வியின் துயரைவிட விறுவிறுப்பே இதயத்தை அதிகம் வருத்துகிறது.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆட்டம் பார்க்கும் மிகப் பெரும்பாலோருக்கு எத்தீங்கும் நேர்வதில்லை. பார்க்கக் கூடாது என்று நாங்கள் கூறவும் இல்லை. முன்னேற்பாட்டுடன் பாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஆட்டத்திற்கு முன்

இரவு மாத்திரைகளையும் உணவையும் வழக்கமான நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று விடப்படும் மாத்திரை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் உணவைத் தள்ளிப்போடலாகாது. சிப்ஸ், மிக்சர், ஊறுகாய் போன்றவற்றில் உப்பு மிகுதி. இதயம் பலவீனமுற்றோருக்கு அவை மறுநாள் மூச்சுத் திணறலைத் தரக்கூடும். புகையும் மதுவும் அன்றும் விலக்கே. மருத்துவர் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எழுதித் தந்திருந்தால், அதனைக் கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

இடைவேளையில்

15 நிமிட இடைவேளையில் விளம்பரங்களையும் அலசல்களையும் பார்த்தபடி அமர்ந்திராமல், எழுந்து வீட்டிற்குள் மெல்ல நடங்கள். படபடப்பு அடங்கவில்லையெனில் தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்களும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களும் தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

உடனிருப்போர் கவனத்திற்கு

ஆட்டத்தில் ஆழ்ந்திருப்பவர் தம் வலியைத் தாமே சிறிதாக எண்ணிக்கொள்வார். ஆகவே அவரது முகத்தையும் அவ்வப்போது பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் வலியின்றி, களைப்பும் குமட்டலும் மட்டுமே தோன்றலாம். “வாயுவாக இருக்கும்” என்று சோடா கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். நோயாளியை அமரச் செய்து, உடனே 108ஐ அழையுங்கள். அவர் தாமே வண்டி ஓட்டி வரலாகாது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த நோயாளி இன்றும் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார். அடுத்த உலகக் கோப்பையைப் பார்க்கலாமா என்று ஒருமுறை கேட்டார். “பாருங்கள். வலி வந்தால் மட்டும் எந்த நிமிடமாயினும் எழுந்து வந்துவிடுங்கள்” என்றோம். அருகில் நின்ற மகன், “இம்முறை நான் ஆட்டத்தைப் பார்க்கப்போவதில்லை, டாக்டர், அப்பாவைத்தான் பார்ப்பேன்” என்றார்.