வாலாட்டும் மாணவன் – 7: நிற்க மறுத்த கோழி

சென்ற வாரம் நாய்க்கு ‘உட்கார்’ பாடம் முடிந்தது. மூக்கருகே தீனி, கை மெல்ல மேலே போகப் பின்பக்கம் தானாகத் தரையில் படியும், அந்த நொடியே பரிசு. செய்து பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. மற்றவர்கள் பழைய இதழைத் தேடி எடுக்கட்டும்.

இந்த வாரம் ‘இரு’, ‘வா’ இரண்டும் வரும் என்று அறிவிப்பு போயிருந்தது. ‘வா’வுக்கு இடம் கிடைப்பது சந்தேகம்தான். நடுவில் ஒரு கோழி புகுந்துவிட்டது.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றொரு ஊர். 1955-இல் அங்கே ‘ஐ.க்யூ. ஜூ’ என்ற விலங்குக் காட்சிக்கூடம் திறந்தது. நடத்தியவர்கள் கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதி. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரிடம் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஆசிரியரிடம் கற்ற வித்தையை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்து தொழிலாக்கியவர்கள். விலங்கு சரியாக ஒன்றைச் செய்த கணத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே தீனி. அதட்டல் கிடையாது, அடி கிடையாது. இந்த முறையை முதலில் அவர்கள் கொண்டுபோனது நாய்ப் பயிற்சியாளர்களிடம்தான். கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்தே பழகிப்போன அந்தக் கூட்டம் கண்டுகொள்ளவில்லை. சரி போகட்டும் என்று தம்பதி கோழி, பன்றி, ரக்கூன் பக்கம் திரும்பிவிட்டார்கள். நாய்களுக்குத்தான் நஷ்டம்.

கோழிக்கு அவர்கள் வைத்த பாடம் மிக எளிது: ஒரு மேடையில் ஏறி 12 முதல் 15 விநாடி சும்மா நிற்க வேண்டும். தீனி வரும். நம் வீட்டு டைகருக்குச் சொல்லித்தர நினைக்கும் ‘இரு’ என்பதும் இதுவேதான்.

கோழி நிற்கவில்லை. ஏறியது, காலால் தரையைக் கிளறத் தொடங்கியது. அங்கே கிளற மண்ணும் இல்லை, புழுவும் இல்லை. பழக்கிய கோழிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் செய்தன. கால்வாசி வேறு சேட்டைகளில், எங்கேயாவது ஒரு புள்ளியைக் கொத்துவது போன்றவற்றில் இறங்கின. ரசமான விஷயம் இனிமேல்தான்: காத்திருக்கும் நேரத்தை நீட்ட நீட்ட, கிளறலும் கூடியது. தீனிக்காகக் காத்திருக்கும் கோழிக்குள் ஆயிரம் தலைமுறைக் கோழிகள் விழித்துக்கொள்கின்றன, கால் சும்மா இருக்க மறுக்கிறது.

வேறு யாராவது என்றால் கோழியைத் திட்டியிருப்பார்கள். பிரேலண்ட் தம்பதி காட்சியையே மாற்றிவிட்டார்கள். கோழி ஒரு ரப்பர் வளையத்தை இழுக்கும், நான்கு சுரம் கொண்ட மெட்டு ஒலிக்கும், கோழி வட்டத் தட்டில் ஏறி விநாடிக்கு இரண்டு தடவை வீதம் பரபரவென்று கிளறும். டிக்கெட் வாங்கிய கூட்டம், கோழி பாட்டுப் போட்டு நடனமாடுகிறது என்று கைதட்டியது. ஒரே நாளில் ஒரு கோழி 10,000 தடவைக்கு மேல் இப்படி வீணாகக் கிளறியதாகத் தம்பதியே எழுதியிருக்கிறார்கள்.

எழுதியது 1961-இல், ஒரு கட்டுரையில். அதற்குள் 38 இனங்களில் 6,000-க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பழக்கி முடித்திருந்தார்கள். அதே கட்டுரையில் ஒரு பன்றியும் வருகிறது. மரக்காசுகளைத் தூக்கிப்போய் உண்டியலில் போடுவது அதன் வேலை. ஆரம்பத்தில் ஓட்டமாக ஓடிப் போட்டது. வாரங்கள் போகப் போகக் காசைக் கீழே போடுவது, மூக்கால் முட்டிப் புரட்டுவது, மேலே எறிந்து மறுபடி புரட்டுவது என்று இறங்கிவிட்டது. நான்கு காசை ஆறடி தூரம் கொண்டுபோகப் பத்து நிமிடம். பசி கூடக்கூட இது மோசமானது என்பதுதான் வேடிக்கை. ரக்கூனோ இரண்டு காசு கையில் கிடைத்தால் உண்டியலில் போடாமல் கஞ்சன் மாதிரி உரசிக்கொண்டே உட்கார்ந்துவிடும்.

பரிசு கொடுத்தால் எதையும் பழக்கலாம் என்று நம்பிய ஆசிரியரின் கோட்டைக்கு மாணவர்களே வைத்த வேட்டு இது. ஆனால் பரிசு முறையை அவர்கள் கைவிடவில்லை. விலங்கின் பிறவிக்குணம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நாய்க்கும் இதே கதை. பீகிள் முயலை மோப்பம் பிடிக்கவே வளர்க்கப்பட்ட இனம், தலையைத் தரையிலிருந்து எடுக்காது. லாப்ரடார் வாயில் எதையாவது கவ்விக்கொண்டே திரியும், சுடப்பட்ட பறவையைத் தூக்கிவந்து கொடுப்பது அதன் குலத்தொழில். சிப்பிப்பாறை ஓடுவதைக் கண்டால் ஓடும். இந்திய அஞ்சல்துறை 2005-இல் நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய். மூன்று வேட்டைக்கு, ஒன்று மந்தைக்காவலுக்கு. சோபா ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்ததற்காகப் பெயர் வாங்கியது ஒன்றுகூட இல்லை.

ஆகவே ‘இரு’ என்பது நாயிடம் கேட்கும் கஷ்டமான வேலை. ஒன்றும் செய்யாமல் இருப்பதைத்தான் கேட்கிறோம். பலர் முதல் நாளே ‘இரு’ என்று சொல்லிவிட்டு ஹாலின் மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பார்க்கிறார்கள். நாய் காலடியிலேயே நிற்கிறது. ‘சொன்ன பேச்சே கேக்காதுங்க’ என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது.

முதல் ‘இரு’ ஒரே ஒரு விநாடிதான். உட்காரச் சொல்லுங்கள், உள்ளங்கையைக் காட்டி ‘இரு’ என்று ஒரே தடவை சொல்லுங்கள், ஒன்று எண்ணும் முன்பே உட்கார்ந்த நிலையிலேயே வாயில் தீனி. பிறகு ‘போ’ என்று விடுவிக்க வேண்டும். முடிந்துவிட்டது என்பதை நாய் தானே தீர்மானிக்க விடக்கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று ஏற்றுங்கள், நடுவில் சும்மா ஒரு தடவை இரண்டுக்கு இறக்குங்கள். நேரம் நன்றாகப் பிடிபட்ட பிறகே ஒரு எட்டு விலகிப் போகலாம். விலகும்போது நேரத்தைக் குறைத்துவிடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் கூட்டினால் எழுந்துவிடும். தீனியை நீங்கள் நடந்து வந்து கொடுக்க வேண்டும். அங்கிருந்து கூப்பிட்டுக் கொடுத்தால், எழுந்து ஓடிவருவதற்குத்தான் கூலி என்று அது படித்துக்கொள்ளும்.

காத்திருக்கும் நாய் முனகும், முன்காலைத் தூக்கி நீட்டும், கொட்டாவி விடும். கோழியின் கிளறல் இதுதான். திட்ட வேண்டாம், அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். காலைத் தூக்கி நீட்டும்போது பாவம் என்று தீனி கொடுத்தீர்களானால் நடனக் கோழியை நீங்களே தயாரித்தவர் ஆவீர்கள்.

டைல்ஸ் தரை இன்னொரு வில்லன். வழுவழுப்பில் பின்கால்கள் மெல்லச் சறுக்கி, உட்கார்ந்த நாய் தானாகவே படுத்துவிடும். வாசலில் கிடக்கும் தேங்காய்நார் மிதியடியை எடுத்துப் போட்டால் நகம் பிடித்துக்கொள்ளும். தீனி பொட்டுக்கடலை அளவு போதும், வேகவைத்த கோழித்துண்டு நல்லது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம், சாப்பாட்டுக்கு முன்னால். குக்கர் விசிலும் வாசல் மணியும் இப்போதைக்கு வேண்டாம், அவை கடைசிப் பரீட்சை.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்கிறீர்களா என்றும் பாருங்கள். பாட்டி ‘இருடா’, பேரன் ‘ஸ்டே’, அப்பா ‘ஏய்’ என்றால் நாய் யாரை நம்பும்?

அந்த ‘டிக்’ சத்தம் பிறகு என்னவாயிற்று என்பது தனிக் கதை. ஹவாயில் டால்ஃபின்களுக்கு விசில் ஊதிப் பழக்கிய கேரன் பிரையர் 1984-இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் அது நாய் வளர்ப்பவர்களிடம் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. டால்ஃபின் நீச்சல் குளத்தில் இருக்கிறது, அதன் கழுத்தில் சங்கிலியைக் கட்டி இழுக்க முடியாது. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் பக்கம் தாங்காது.

‘வா’ அடுத்த வாரம் கட்டாயம் வரும். அதுவரை ஒரு வேண்டுகோள்: குளிப்பாட்டவோ, மாத்திரை கொடுக்கவோ, கட்டிப்போடவோ நாயை ‘வா’ என்று கூப்பிடாதீர்கள். நீங்களே போய் அழைத்து வாருங்கள்.