வெளிச்சம் தாங்காத நீலம்

பென்டசீன் என்பது கருநீலத் தூள். ஐந்து பென்சீன் வளையங்கள் ஒரே வரிசையில் ஒட்டிய மூலக்கூறு. கார்பனும் ஹைட்ரஜனும் தவிர அதில் வேறெதுவும் இல்லை. சிலிக்கானைப் போல இதைக் கொண்டும் டிரான்சிஸ்டர் செய்யலாம், அதுவும் வளையும் பிளாஸ்டிக் தாளின் மேல். கரிமக் குறைகடத்தி ஆய்வகங்களில் பல ஆண்டுகள் இதற்குத்தான் முதல் மரியாதை. ஆனால் இதைக் கரைத்துக் காற்றுப்பட வெளிச்சத்தில் வைத்தால் சில நிமிடங்களில் நீலம் வெளுத்துவிடும்.

வெளிச்சம் மட்டும் செய்யும் வேலையல்ல இது. வளையங்கள் நெடுக எலெக்ட்ரான்கள் பிடிப்பில்லாமல் உலவுவதால்தான் பென்டசீன் மின்சாரம் கடத்துகிறது. ஒளியை விழுங்குவதும் அதனால்தான். ஒளியை விழுங்கியதும் ஓர் எலெக்ட்ரான் மேல்மட்டத்துக்கு ஏறிவிடும். அந்தக் கிளர்ந்த நிலையில் பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால், மூலக்கூறு தன் கூடுதல் ஆற்றலையோ எலெக்ட்ரானையோ அதனிடம் கொடுத்துவிடும். எதைக் கொடுத்தாலும் ஆக்சிஜன் முரடனாகிறது. நடு வளையத்தின் எதிரெதிர் கார்பன்களைப் பற்றிக்கொண்டு குறுக்கே பாலம் போடுகிறது. எலெக்ட்ரான்களின் நெடும்பாதை இரண்டு துண்டாகிறது. நிறம் போகிறது, கடத்தும் திறனும் போகிறது. கொடியில் காயும் துணியின் சாயம் வெளுப்பதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

ஆக்சிஜனையும் ஈரத்தையும் அண்டவிடாமல் மூடிவைப்பது முதல் வைத்தியம். கரிம மூலக்கூறுகளே ஒளிவிடும் ஓஎல்இடி திரைகளுக்கு இதில் கெடுபிடி அதிகம்: ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு நாளில் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி புகக்கூடாது என்பார்கள். கண்ணாடி அதைச் சாதிக்கும். சாதாரண பிளாஸ்டிக்கால் முடியாது. கண்ணாடியால் மூடினால் வளையும் திரை எங்கே?

எனக்குப் பிடித்தது இரண்டாவது வைத்தியம், மூலக்கூறையே திருத்துவது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆன்டனி குழுவினர் பென்டசீனின் அந்த நடு வளையத்தில் இரண்டு கைகளை ஒட்டினார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு கார்பன் மும்மைப் பிணைப்பு, அதன் முனையில் சிலிக்கானைச் சுற்றிய பருத்த கொத்து. 2001இல் இது வெளியானபோது, பொருள் நன்றாகக் கரைய வேண்டும், படிகத்தில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட வேண்டும் என்பதே நோக்கம். ஒளியைத் தாங்கும் வலு உபரி லாபம். காற்றுள்ள கரைசலில் சாதாரண பென்டசீனைவிட சுமார் 50 மடங்கு நிலைத்தது என்று 2004இல் அளக்கப்பட்டது. பருத்த கைகள் ஆக்சிஜனுக்கு வழிமறிக்கின்றன என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதைவிட முக்கியமானது வேறு: மும்மைப் பிணைப்புகள் கிளர்ந்த எலெக்ட்ரானின் ஆற்றல் மட்டத்தைக் கீழே இறக்கிவிடுகின்றன, அதை ஆக்சிஜனிடம் கைமாற்றுவது கடினமாகிறது.

கரிமச் சூரிய மின்கலங்களில் இன்னொரு உத்தியும் முயலப்பட்டது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினைக் கலவையில் சேர்ப்பது. முரடான ஆக்சிஜனின் ஆற்றலை வாங்கி வெப்பமாகக் கழித்துவிடும் வேலையை அது இலைகளில் காலங்காலமாகச் செய்துவருகிறது.

ஆக்சிஜனே இல்லாத இடத்திலும் கிளர்ந்த நிலையே மூலக்கூறைக் கெடுக்கும் என்பதற்கு ஓஎல்இடியின் நீலப் புள்ளியே சாட்சி. நீல ஒளியின் ஒரு துகளில் சுமார் 2.7 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். கிளர்ந்த மூலக்கூறுகள் இரண்டு சந்தித்து ஒன்றின் ஆற்றல் மற்றதிடம் சேர்ந்தால், கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு அறுந்துபோக அது தாராளம். மூலக்கூறு சிதைவதைத் தள்ளிப்போடச் சில மூலக்கூறுகளில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை வைக்கிறார்கள். கல்பாக்கம் அணு உலைகளின் கனநீரில் இருப்பதே இது. ஹைட்ரஜனைவிட எடை இரு மடங்கு என்பதால் அந்த இடத்துப் பிணைப்பின் அதிர்வு குறைகிறது, அறுவது தாமதமாகிறது. எல்ஜி டிஸ்ப்ளே 2021 டிசம்பரில் அறிவித்த திரைகளில் இது இடம்பெற்றது.

அப்படியும் நீலம் முழுதாக வசப்படவில்லை. பெரும்பாலான ஓஎல்இடி கைபேசித் திரைகளில் சிவப்பும் பச்சையும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பாஸ்போரசன்ஸ் வகைக்கு மாறிவிட்டன. நீலம் பழைய ஃபுளோரசன்ஸ் வகையிலேயே நிற்கிறது. புதிய வகையில் மூலக்கூறு கிளர்ந்த நிலையில் நீண்ட நேரம் தங்குகிறது. இன்னொரு கிளர்ந்த மூலக்கூறைச் சந்திக்கும் வாய்ப்பும் அதற்கேற்பக் கூடுகிறது.