உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவோரும் உயர்மலை நோயும்

சுவிசில் வளரும் எமது பிள்ளைகள் பாடசாலைப் பனிச்சறுக்கு முகாமுக்குப் போவது வழமையாகிவிட்டது. அவர்களில் சிலர் வளர்ந்ததும் லிப்ற் இல்லாத மலைகளைத் தேடிப் போகிறார்கள். சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத பட்டியை ஒட்டி நடந்து ஏறி, உச்சியில் அதைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள்.

இதன் எல்லையைத் தொட்டவர் போலந்து நாட்டவரான அந்திரேய் பார்கியல். 2018 யூலை 22இல் 8611 மீற்றர் உயரமான கே2 உச்சியிலிருந்து அடிவார முகாம்வரை சறுக்கி இறங்கினார். 2025 செப்ரெம்பரில் எவரெஸ்டிலிருந்தும் அவ்வாறே இறங்கினார். இரண்டு தடவையும் ஒட்சிசன் சிலிண்டர் பாவிக்கவில்லை.

உயரத்தில் ஒட்சிசனின் வீதம் குறைவதில்லை; அங்கும் 21 வீதந்தான். குறைவது காற்றின் அழுத்தம். எவரெஸ்ட் உச்சியில் அது கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றில் ஒரு பங்கு. எனவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வளவுதான். ஏறுபவர் ஓரடி வைத்து நின்று மூச்சு வாங்கலாம். சறுக்குபவரோ ஒவ்வொரு திருப்பத்திலும் முழு உடலையும் தொடைத் தசைகளால் தாங்க வேண்டும். படத்தில் பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும்! உண்மையில் சில திருப்பங்களுக்கு ஒரு தடவை கோலில் சாய்ந்து இளைக்கிறார்கள்.

வாரக்கணக்கில் ஏறி இறங்கி உடலைப் பழக்கிய பின்னரே இப்படிச் செய்ய முடியும். பழகாமல் 2500 மீற்றருக்கு மேல் தங்குபவருக்குச் சில மணித்தியாலங்களில் தலையிடி, ஓங்காளம், நித்திரையின்மை வரலாம். இது முற்றினால் மூளை வீங்கும். சில வேளை நுரையீரலில் நீர் கோர்க்கும். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது. உடற்பலம் உள்ள இளைஞரையும் இது விடுவதில்லை. வேகமாக ஏறுபவர்கள் அவர்கள்தானே.

இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. ஒட்சிசனும் டெக்சாமெதசோன், நிபெடிபின் மாத்திரைகளும் உதவும். ஆனால் அவற்றை நம்பி மேலேயே இருக்கக்கூடாது. நிபெடிபின் நுரையீரல் வீக்கத்தைத் தடுக்குமா என்பதை, சுவிஸ்-இத்தாலி எல்லையில் 4554 மீற்றரில் உள்ள மார்கரீத்தா மலைக்குடிலில்தான் ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார்கள்.

சறுக்குபவருக்கு இதில் ஒரு பொல்லாத சிக்கல் உண்டு. மூளை வீங்கும்போது முதலில் கெடுவது உடற்சமநிலையும் நிதானமும். இறங்கவேண்டிய நேரத்தில் சறுக்கத் தெரிந்தவருக்கே சறுக்க முடியாது. தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பார். நேர்கோட்டில் குதிக்கால் முன் விரல் வைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அவரைத் தனியே விடாமல் உடனே இறக்க வேண்டும். சுவிசில் மலைமீட்பு உலங்குவானூர்திக்கு 1414 என்ற இலக்கம்.

பெற்றோர் கேட்கவேண்டியது, "எங்கே போகிறாய்?" என்பதை மட்டுமல்ல, "இரவு எந்த உயரத்தில் படுப்பாய்?" என்பதையுந்தான். 3000 மீற்றருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஓரிரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். ஏற்கெனவே தலையிடி இருந்தால் அது போகும்வரை மேலே ஏறக்கூடாது.

சறுக்காதவர்களுக்கும் ஒரு சொல். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை இன்ரர்லாக்கனிலிருந்து 3454 மீற்றர் உயரமான யுங்பிராவ்யோக்குக்குச் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் ரயிலில் ஏற்றிவிடுகிறோம். இருதய அல்லது சுவாச வருத்தம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கட்டும். மேலே மெதுவாக நடக்கட்டும். தலை சுற்றினால் படம் எடுத்து முடியும்வரை காத்திராமல் அடுத்த ரயிலில் இறங்கிவிடுங்கள்.